இருபத்தேழாம் நம்பரைப் பார்க்க வந்தவர்

லிஃப்ட் மெக்கானிக் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கவில்லை. கையில் ஆரஞ்சுப் பழப் பை இருந்தது, பைக்குள் ரொட்டி இருந்தது, சட்டைப் பையில் ஆஸ்பத்திரி வரைக்கும் வாங்கிய டிக்கெட்டும் இருந்தது. கால்தான் எழவில்லை. கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து கடலையே பார்க்காதவர் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் மச்சான் படுத்திருந்தார். மனைவியின் அண்ணன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். "இன்னிக்கும் போய்ப் பாக்கலன்னா அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அழுதுகொண்டே பையைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள் மனைவி.

மச்சானோடு பேச்சு நின்று நாலு வருஷமாகிறது. காரணம் ஓர் ஏணி. ஊரையே பெட்டியில் போட்டு மேலே ஏற்றுகிறவருக்கு ஏணி எதற்கு என்று கேட்கக் கூடாது; அவர் வீட்டுப் பரணுக்கு லிஃப்ட் கிடையாது. பெயிண்டர் மச்சான் அதை இரவல் வாங்கிப் போனார். போகும்போது பன்னிரண்டு படி, திரும்பி வரும்போது பதினொன்று. "எப்பவுமே பதினொன்னுதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். நம் மெக்கானிக்கின் முயலுக்கு உண்மையிலேயே நாலு கால் இருந்திருக்கலாம். அதற்காக ஒரு கல்யாண வீட்டில், அத்தனை பேர் முன்னால், விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டுமா? அன்றோடு முறிந்தது உறவு.

பஸ் கடைசியாகக் கலங்கரை விளக்கத்தடியில் போய் நின்றது. எதிரே கம்பி வேலி போட்ட ஒரு குட்டிக் காடு. மிஞ்சிப் போனால் அறுபது மரம். இலை உதிரும் பருவம் என்பதால் எதிலும் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து அலை தெரிந்தது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிடும். அதுவரை இங்கே உட்கார்ந்து ஆரஞ்சைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளினார்.

கேட்டுக்குள் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு நோட்டு. பின்னால் வெள்ளை உடுப்பும் வெள்ளை ஷூவுமாக ஓர் அம்மாள்.

"யாரைப் பாக்கணும்?"

"சும்மா... மரத்தப் பாக்கலாம்னு."

"எந்த மரத்த?"

இவர் முழித்தார். அம்மாளின் கண் பையில் விழுந்தது. ஆரஞ்சு, ரொட்டி. அவள் குரல் கொஞ்சம் இளகியது. "சொந்தமா?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றவர், வாயில் வந்ததைச் சொன்னார். "மச்சான்."

"இருபத்தேழு" என்றாள் அவள் நோட்டைப் பார்க்காமலே. "யாருமே வராதவரு அவர் ஒருத்தர்தான். இலை விழ ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு? இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து அவள் பின்னால் போனார். அவள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரியும் காடும் ஒரே அறக்கட்டளையுடையவை. மாற்றல் போட்டார்கள், வந்துவிட்டாள். வேலை மாறியதே தவிர அவள் மாறவில்லை. ஒவ்வொரு மரத்திலும் நம்பர், நம்பருக்குக் கீழே ஓர் அட்டை. இருபத்தேழின் அட்டையில், "இலை: இல்லை. பட்டை: ஈரம். காக்கை: காலையில் ஒன்று" என்று எழுதியிருந்தது.

"மெதுவாப் பேசுங்க. பத்தொன்பது இப்பதான் கண்ணசந்துச்சு" என்று சொல்லி, ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போனாள்.

பக்கத்து ஸ்டூலில், இருபத்தெட்டுக்கு அருகே, ஒரு தையல்கார அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "உங்க ஆளுக்கு என்ன?"

"இலை கொட்டிடுச்சு."

"எங்க பெரியப்பாவுக்கும் அதேதான். இங்க எல்லாருக்கும் அதேதான். தண்ணி சரியில்லைங்கறேன், யாரு கேக்கறா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் ஆளாளுக்குக் குசுகுசுவென்று நலம் விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில் எப்படிச் சிரிப்பது? பழப் பையை வேரடியில் வைத்துவிட்டு, பிடித்து வைத்தாற்போல் உட்கார்ந்தார்.

"வந்தா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள் தையல்காரி. "வாய மூடிக்கிட்டு உக்காரறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே."

"நல்லா இருக்கீங்களா?" என்று மரத்தைக் கேட்டார். மரம் பதில் சொல்லவில்லை. அச்சு அசல் மச்சான்தான். இவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"பன்னிரண்டு" என்றார். "பன்னிரண்டு படி. ஒவ்வொண்ணுக்கும் நானே ஆணி அடிச்சேன்." பிறகு அவர் நிறுத்தவில்லை. லிஃப்ட் குழிக்குள் நின்று நாலு வருஷமாகத் தனக்குத் தானே வாதாடியதையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினார். மரம் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எல்லாம் சொல்லி முடித்தபோது வழக்கில் ஜெயித்தாகிவிட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அந்த ஜெயம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது.

ஐந்து மணிக்கு நர்ஸம்மாள் மணி அடித்தாள். நோட்டில் கையெழுத்துப் போடும்போது, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டுவிட்டார். "பொழைச்சுக்குவாரா சிஸ்டர்?"

"இங்க எல்லாரும் பொழைச்சுக்குவாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல துளிர்த்துடும்." அவள் நோட்டை மூடினாள். "அதுக்குத்தான் இந்த மாத்தலக் கேட்டு வாங்கினேன். தண்டனைன்னு ஊர்ல பேசிக்கறாங்க. நான்தான் எழுதிக் கேட்டேன். அங்க சாயங்காலம் மணி அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்புவேன். காலையில போனா ஏதாவது ஒரு கட்டில்ல விரிப்ப உருவிக்கிட்டு இருப்பாங்க. முந்தின நாள் வராதவங்க அன்னிக்குப் பாத்து வந்து நிப்பாங்க, கையில பையோட."

மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். பை இல்லை. திரும்பி ஓடினார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று இருபத்தேழிடம் சொல்லிவிட்டு, ஓர் ஆரஞ்சை மட்டும் வேரடியில் வைத்து, மீதியை அள்ளிக்கொண்டார்.

"படுத்துக்கிடக்கிறவங்ககிட்டப் பிடுங்கிக்கிட்டு ஓடுறதப் பாரு!" என்றாள் தையல்காரி.

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியை அவர் எட்டியபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம். மச்சான் பாதி ஆளாகியிருந்தார். நகக்கண்ணில் மட்டும் பழைய பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது.

"வாங்க மாப்ள" என்றார். குரலில் கோபமே இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது பன்னிரண்டுதான். ஒரு படிய நான்தான் ஒடச்சேன். நாளைக்கு எப்படியோ என்னமோ, மனசுல வெச்சுக்காதீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காக மெக்கானிக் நாலு வருஷம் காத்திருந்தார். பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்திலும் விட்டுக்கொடுக்காத மனுஷன் இப்போது விட்டுக்கொடுக்கிறார். மெக்கானிக் பயந்து போனார். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மச்சான். பதினொன்னு."

"பன்னிரண்டு மாப்ள. ஒடஞ்சத அடுப்புலகூட வெச்சுட்டேன்."

"பதினொன்னுங்கறேன்ல! ஏணி என்னோடது. எனக்குத் தெரியாதா?"

மச்சான் அவரை வெறித்துப் பார்த்தார். மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் ஏறியது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். "ஒடச்சவன் நான் சொல்றேன், பன்னிரண்டு!"

"பதினொன்னு!"

"பன்னிரண்டு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்து, நேரம் முடிந்துவிட்டது, ஆபரேஷன் கேஸோடு இப்படியா கத்துவது என்று மெக்கானிக்கை முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள்.

"ஏணியத் தூக்கிட்டு வரேன்!" என்றார் அவர் வாசலில் நின்று. "நாளைக்குச் சாயங்காலம் எண்ணிப் பாத்துக்கலாம்!"

லிஃப்ட் திறந்துதான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினார். இரண்டாவது மாடி வரைக்கும் மச்சான் கத்துவது கேட்டது.

"கொண்டாங்க பாப்போம்! நான் இங்கதான் இருப்பேன்!"