சாமிக்காச்சு

ராணியைப் பட்டினி போட்டது அர்ச்சுனனுக்குத் தன் வயிற்றையே காயப்போட்டதுபோல் இருந்தது. லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் துரையின் நாய் ராணி, பார்த்துக்கொள்பவன் அர்ச்சுனன். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் ஆட்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று, பால் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்தி ராணியை மோந்து பார்க்க விடுவார்கள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அதற்கு விஷம் வைக்க நினைக்காதவர்கள் குறைவு. அதனால் “சாமிக்காச்சு” என்று சொன்னால் ஒழிய எதிலும் வாய் வைக்காதபடி பழக்கியிருந்தான். சாமிக்குப் படைத்ததும் அவன் வீட்டில் சோறு போடும்போது சொல்கிற பேச்சு அது. அது தெரிந்த இன்னொரு ஆள் அவன் பெண்டாட்டி பஞ்சாலை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது ராணிக்குச் சோறு வைத்தவள் அவள்தான்.

நாய் சில நாளாகச் சுருண்டு கிடந்தது. ஈரல் கெட்டிருந்தால் சுட்டுவிடலாம் என்றார் துரை. மாட்டு டாக்டர் கணேசமூர்த்தி, “ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்காத. தின்னுட்டா ரத்தம் பாக்க ஆவாது,” என்று சொன்னபோது, பங்களா வாசலைப் பஞ்சாலை கூட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைந்து அடியில் தங்கியது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்து நின்றது.

“கொழுப்பு தின்னுருக்கா? அப்படின்னா சொல்லிடு லா. இதுல ஈரலப் பாக்க முடியாது. பட்டினி போட்டு நாளைக்கு மறுபடி எடுப்போம்.”

அர்ச்சுனனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சாலையைக் கூப்பிட்டு அவள் தலையில் கை வைத்தான்.

“இவ மேல சத்தியம் ஐயா. என் சொல்லு இல்லாம அது பச்சத் தண்ணி கூடத் தொடாது.”

பஞ்சாலை விளக்குமாற்றோடு தலை குனிந்து நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தான், பாவி மனுசன்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “பட்டினியிலயும் ரத்தம் பாலா வருதுன்னா, உள்ள எல்லாம் கெட்டுப்போச்சு.”

ஸ்டோருக்குப் பின்னால் துரையின் துப்பாக்கி ஒரு தடவை வெடித்தது.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவன் முன்னால் பஞ்சாலை தட்டை வைத்தாள். பழக்கதோஷத்தில் வாய் தவறியது.

“சாமிக்காச்சு, சாப்புடுங்க.”

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“காலையில அதுக்கும் இதத்தான் சொன்னியா?”

அவள் மழுப்பவில்லை. “சொன்னேன். முனியாண்டிக்கு வெட்டுன ஆட்டுக் கொழுப்பு அத்தனையும் வச்சேன். எங்கண்ணன் மடியில இருந்த அரிசிய மோந்து காட்டிக் குடுத்தது அதுதான? இன்னும் ஜெயில்ல கெடக்காரு.”

“உன் தலையில கை வச்சேனேடி! அப்பயாச்சும் சொல்லியிருந்தா அது பொழச்சிருக்குமே!”

“வச்சீங்க. எங்கண்ணன விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனப்ப, நாயோட கயித்தப் புடிச்சிருந்ததும் அந்தக் கைதான்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் ராணி முதலில் வாலை ஆட்டும், பிறகுதான் குனியும். இவள் சொன்னபோதும் ஆட்டியிருக்கும். பசி வயிற்றைக் கிள்ளியது, ஆனால் அவள் போட்ட சோற்றில் அவனுக்குக் கை போகவில்லை.