பழகிப்போனவள்

சட்டையின் கழுத்துப் பொத்தான் மாட்டவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியதில் இறந்துகிடந்த கணவரின் கழுத்து உப்பிப்போயிருந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெட்டினாள். இருபத்தைந்து வருடமாகப் பள்ளிச் சீருடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவள்; கை கோணவில்லை. முன்பக்கத்தை மேலே போர்த்திப் பொத்தானை மாட்டி, ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகினாள்.

“வெளியில தெரியல அண்ணி,” என்றாள் நாத்தனார். இறந்தவரின் தங்கை. “ஒரு பிள்ளை இருந்தா இதெல்லாம் அவன் பார்த்திருப்பான். அண்ணனுக்குக் கொடுத்து வைக்கல.”

இந்தப் பேச்சுக்கு அவள் பதில் சொல்லாமல் இருபத்துநான்கு வருடம் ஆகிறது.

அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்த அவர், லீவு நாளில் இதே கூடத்தில் மறைநூல் வகுப்பு எடுப்பார். ஊரே ‘வாத்தியார்’ என்று கூப்பிட்டது. ஒருநாள் நூலைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். உடலை அடக்கி வாழ்கிறவர்களே உயர்ந்தவர்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது. அவளும் படித்தவள்தான். வேறொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். குழந்தைகள்தான் கடவுள் தரும் செல்வம் என்று அங்கே இருந்தது.

“அது முடியாதவங்களுக்குச் சொன்னது. இது நமக்கு,” என்றார் அவர்.

ஒரு வாரம் அழுதாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். “வெளியில சொல்லிடாதே. சொன்னா விரதம் பெருமையாயிடும்,” என்றார். அவள் சொல்லவில்லை. ஊர் மலடி என்றது. நாத்தனார் டாக்டர் விலாசங்களாக வாங்கி வந்தாள். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினாள்.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. வெளியூரில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், அவர் மனைவி, ஒரு பெண் குழந்தை. பேக்கரிக்காரர் உடலைப் பார்த்ததும் உடைந்துவிட்டார். மனைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாத்தியார் இல்லைன்னா இவ இல்லைக்கா.”

அவள் அந்தச் சிறுமியைப் பார்த்தாள். கண் தானாக அளவெடுத்தது: தோள் பதின்மூன்று அங்குலம். பதினொரு வயது.

“ஆறாவதா?”

“ஆமா ஆன்ட்டி.”

“கல்யாணமான புதுசுல இவர் துறவு மாதிரி இருக்கலாம்னு ஒத்தைக்கால்ல நின்னார்க்கா,” என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி, கணவனைக் காட்டி. “எனக்கு மனசே இல்ல. வாத்தியார்கிட்ட கேப்போம்னு வந்தோம். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. அவர் இவரைப் பிடிச்சுத் திட்டினார் பாருங்க! ‘நூல்ல ரெண்டும் இருக்குடா. பாரம் தாங்கப்போறவளைக் கேக்காம நீயா ஒண்ணைத் தேர்ந்தெடுக்காதே. நான் அப்படித்தான் பண்ணினேன். நான் படிச்சது தப்பு’ன்னு சொல்லி அழுதுட்டார்.”

நாத்தனாரின் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது.

“எப்போ இது?” என்று கேட்டாள் அவள்.

“பன்னெண்டு வருஷம் இருக்கும்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு முப்பத்தாறு. கம்பெனியில் அவளோடு ஒரே மேஜையில் துணி வெட்டுகிறவள் முப்பத்தெட்டு வயதில் இரட்டைக் குழந்தை பெற்றாள். அதற்கு இவள்தான் ஸ்வீட் வாங்கிக்கொடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர், “நல்லது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“என்கிட்ட சொல்லணும்னு அவர் நினைக்கலையா?”

அந்தப் பெண் அப்போதுதான் விஷயம் புரிந்து விழித்தாள். கணவனைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் கேட்டேன்மா,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “‘வீட்டுல சொல்லிட்டீங்களா’ன்னு. ‘அவ பழகிட்டா. இனிமே எதுக்குக் கலைக்கணும்’னார்.”

சிறுமி தாயின் புடவையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் வேண்டும் என்றாள். உடலுக்குப் பக்கத்திலிருந்து அவளே எழுந்து உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சமையலறையில் நாத்தனார் பின்னாலேயே வந்தாள். “அண்ணி, நான் உங்களை எவ்வளவோ… ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்ல வேண்டாம்னார். சொல்லல.” டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். “அவர் சொல்லியிருக்கலாம்.”

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சவப்பெட்டியை மூடுமுன், “கடைசியா ஒரு தடவை முகத்தைத் தொட்டுக்கோங்கம்மா” என்றார் யாரோ.

“போதும், மூடுங்க,” என்றாள். அழுகையில் சொல்கிறாள் என்று நினைத்துச் சுற்றியிருந்த பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டார்கள்.

வண்டியில் தலைமாட்டில் அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தாள். நாத்தனார் எதிரில் உட்கார்ந்தாள். அண்ணியின் கண்ணைப் பார்க்கவில்லை. தெருக்கள் குறுகல். வண்டி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பெட்டி கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கமாக வந்தது. அவள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.