தம்பி விற்ற வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கையின் வழியாக வந்தது. ரெல்டன் என்பவருடைய வலது கை. தீயில் வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டி, ஃபீனிக்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மலையூருக்கு அவர் திரும்பியபோது அந்தக் கை மடங்க மாட்டேன் என்றது. மடக்கிப் பழக்குவது என் வேலை. அரிசோனாவின் கிழக்கு மலையில், எல்க் மான் கூட்டம் சாலையைக் கடந்து முடிக்கும்வரை காரை நிறுத்திக் காத்திருக்கிற ஒரு சின்ன ஊரில் நான் பிசியோதெரபிஸ்ட். வந்து வெகு காலமாகிவிட்டது. மான்களைப் பார்த்து வியப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் ரெல்டனின் விரலை அழுத்தும்போது அவர் மனைவி ஜேனலீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். அவர் வலியை மறக்கட்டும் என்று பேசுகிறாள் என நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவளுக்கே பேசவேண்டியிருந்தது.

ஒருநாள், "இதையெல்லாம் நீ எழுதேன்" என்றாள். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். உடனே தனக்கு ஜேனலீ என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவளைவிட அழகாக இருந்த ஒருத்தியின் பெயராம்.

"எனக்கு எந்தப் பேர் வேணா வை," என்றார் ரெல்டன். "ஆனா கதையில என் தலையில முடி இருக்கணும்."

ஆகவே வாசகரே, ரெல்டனுக்கு அடர்த்தியான முடி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜூன் மாதக் காய்ந்த காட்டில் ஒரு தீப்பொறி"

அடித்துவிட்டேன். தீப்பொறியை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது: "பிறக்கும்போதே முதுகில் எமனைச் சுமந்துகொண்டு வந்த அந்த வண்டி"

இதையும் பாதியில் நிறுத்திவிட்டு ஜேனலீக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. "அது பாட்டுக்கு இருந்த வண்டிம்மா. எங்களுக்கு அதை ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றாள்.

அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அந்த வண்டியை அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஜீப்பில் பாதி உயரம், கதவுக்குப் பதில் வலை, தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு, இரண்டு இருக்கைக்கும் பின்னால் எஞ்சின். கல்லோ மணலோ சரிவோ எதுவானாலும் ஏறும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது. வேட்டைக்கும் போவார்கள், ஐஸ்கிரீம் வாங்கவும் போவார்கள்.

ஜேனலீ பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். "வாரம் பூரா ஊர்ப் பிள்ளைங்களுக்காக மெதுவா ஓட்டறேன். சனிக்கிழமை எனக்காக ஓட்டறேன்" என்பாள். சனிக்கிழமைகளில் ரெல்டன் பக்கத்தில் உட்கார்ந்து, பிடிக்கக் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்வார்.

வண்டியை விற்றவன் தேய்ன். ஜேனலீயின் ஒரே தம்பி. ஊரில் அந்த வண்டி விற்கும் ஒரே கடை அவனுடையது. சிவப்பில்தான் வேண்டும் என்று அவள் சொல்லாமலே சிவப்பை வரவழைத்து, முன்பக்கம் ரிப்பன் கட்டிக் கொடுத்தான்.

(ஒரு சங்கடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேய்ன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். இந்த ஊரில் அக்காவை அக்கா என்று கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஆனால் அவன் கூப்பிடும் தொனியைக் கேட்டால் நீங்களும் அக்கா என்றுதான் எழுதுவீர்கள். ரெல்டன் அவனைக் கூப்பிடுவதற்கு மச்சான் என்பதைத் தவிர எந்த மொழியிலும் வார்த்தை இல்லை.)

3

மலை மேலிருக்கும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியது ஜேனலீ. மடியில் உருளைக்கிழங்கு சாலட் டப்பாவோடு ரெல்டன்.

"ஏதோ பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது" என்றார்.

"முன்னாடி போற வண்டியோட வாசனையா இருக்கும்."

"முன்னாடி வண்டியே இல்லையே."

அவள் நிறுத்துவதற்குள் முதுகு சுட்டது. திரும்பினால் இருக்கைக்குப் பின்னால் நெருப்பு. ரெல்டன் தன் பெல்ட்டைக் கழற்றிக் குதித்துவிட்டார். ஜேனலீயின் பெல்ட் கழலவில்லை. அதன் பூட்டு எஞ்சின் பக்கமாக இருந்தது, இளகிவிட்டிருந்தது. அவர் திரும்ப வண்டிக்குள் குனிந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவே கையை விட்டு அந்தப் பூட்டைப் பிடித்தார். பிடித்தது பிடித்தபடி, அது பிய்ந்து அவள் வெளியே வரும்வரை இழுத்தார். நான் மடக்கிப் பழக்கும் கை அதுதான்.

எவ்வளவு நேரம் ஆனது என்று இரு தரப்பு வக்கீல்களும் பின்னால் கேட்டார்கள். ஜேனலீக்குத் தெரியவில்லை. அவளுக்கு நினைவிருப்பது வேறு. ரெல்டன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்; காப்பி குடிக்காதவர்; கோபம் வந்தால் "அடடா" என்பவர். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் கெட்ட வார்த்தை பேசி அன்னிக்குத்தான் கேட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சிருக்காரும்மா மனுஷன்."

புல் பற்றிக்கொண்டது. பெரிய காட்டுத் தீக்கு ஒருமுறை வீடுகளைப் பூட்டிவிட்டு ஓடிய ஊர் எங்களுடையது. ஆனால் அன்று காற்று இல்லை. வனத்துறை வண்டியும் அருகிலேயே இருந்தது. ஒரு மைதானம் அளவு கருகியதோடு போயிற்று.

4

வழக்கு என்று முடிவானதும் இமெல்டா ஓல்கின் என்ற வக்கீல் அவர்கள் சமையலறை மேஜைக்கு வந்தாள். சுற்றி வளைக்காத பெண். வண்டியைச் செய்த கம்பெனி மேல் போடுகிற வழக்கில் விற்ற கடையையும் சேர்க்கவேண்டும் என்றாள். சேர்த்தால்தான் வழக்கு இந்த மாவட்டத்திலேயே, ஊர்க்காரர்களே தீர்ப்புச் சொல்ல உட்காரும் ஜூரி முன்னால் நடக்கும். இல்லாவிட்டால் தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"கடைன்னா தேய்ன்" என்றாள் ஜேனலீ.

"பயப்படாதீங்க. கடைக்காரருக்கு வர்ற நஷ்டத்தைக் கம்பெனியே ஏத்துக்கணும்னு சட்டம் இருக்கு. ஒரே ஒரு விஷயம். வண்டியில கோளாறு இருக்குன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சிருந்தா அவர் பாட்டை அவர்தான் பாக்கணும்."

"அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா எனக்கு வித்திருப்பானா?"

ஷெரிஃப் ஆபீஸ் ஆள் கடைக்குப் போய்ச் சம்மனைக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தேய்ன் சாப்பிட வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எம்மேல கேஸும் போட்டுட்டு, வறுத்த கறியும் வெச்சுக் கூப்பிடுறியே அக்கா."

"கேஸ் வேற, கறி வேற. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

வழக்கைப் பற்றி அவர்களுக்குள் பேசக்கூடாது என்பது வக்கீல் உத்தரவு. ரெல்டன் கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டியைப் பத்திப் பேசக்கூடாதாம் மச்சான். அதனால உன் தொப்பையைப் பத்திப் பேசுவோம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொப்பையைப் பற்றியே பேசினார்கள்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தேய்னை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவனுக்குக் குறுகிய கண்களும், கார் சாவியை விரலில் சுழற்றும் பழக்கமும் கொடுத்திருந்தேன். கதையில் ஒரு அயோக்கியன் வேண்டுமே. கம்பெனிக்கோ முகமே இல்லை. ஜேனலீயிடம் படித்துக் காட்டினேன். "அவன் கண்ணு என் கண்ணு மாதிரியே இருக்கும்" என்றாள். கண்களை அடித்துவிட்டேன். சாவியையும்.

நடந்தது இது. இரு தரப்பு வக்கீல்கள் முன்னால் தேய்ன் வாக்குமூலம் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் மதியம், பஸ் நிறுத்தும் கொட்டகையில் ஜேனலீ காலிப் பஸ்ஸைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தேய்ன் ஏறி வந்தான். படியிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"உனக்கு விக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டி திரும்பி வந்துச்சு. அதே மாடல். சீட்டுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் உருகியிருந்துச்சு."

அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"கம்பெனிக்குப் போன் பண்ணேன். காய்ஞ்ச புல்லு மாட்டியிருக்கும், வாங்கினவங்க சுத்தமா வெச்சுக்கலன்னாங்க. சரின்னுட்டேன்."

"நம்பினியா?"

"நம்பிக்கிட்டேன்."

துடைப்பத்தைத் திருப்பி அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அவன் நகரவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கினாள், கை இறங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டைக் காட்டி, "உக்காரு" என்றாள். முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தான்.

"நாளைக்குக் கேப்பாங்க" என்றாள். "ஞாபகமில்லைன்னு சொல்லு."

"அக்கா."

"கடை போயிரும்டா. நான் கேஸ் போட்டது அவங்க மேல. உன் கடையை மூடுறதுக்கு இல்ல."

அவன் சொன்னால் அவளுடைய வழக்கு ஜெயிக்கும். கம்பெனிக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லாதே என்றாள்.

6

ஊர் நூலகத்தின் பின்னறையில் வாக்குமூலம். கம்பெனி வக்கீல் மரியாதையான ஆள். கேள்வியையே பதில் மாதிரி மெத்தை போட்டுக் கேட்டார்.

"இந்த வண்டியில எந்தக் கோளாறு இருந்ததாவும் உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

தேய்ன் "ஆமா" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு தலையசைப்பு. ஜேனலீ மேஜைக்கு அடியில் ரெல்டனின் நல்ல கையைப் பிடித்திருந்தாள்.

"தெரியும்" என்றான் தேய்ன். "பாதி தெரியும். மீதியைத் தெரிஞ்சுக்க நான் விரும்பல."

பிறகு இரண்டு வண்டிகளைப் பற்றியும், போனைப் பற்றியும், புல்லைப் பற்றியும் சொன்னான். சொல்லும்போது ரெல்டனைப் பார்த்தே சொன்னான். இமெல்டா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ரெல்டன் ஒருமுறை மட்டும் "அடடா" என்றார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஜேனலீ அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகமில்லைன்னு சொல்லச் சொன்னேன்ல?"

"ஞாபகம் இருந்துச்சே அக்கா."

அவள் அவன் சட்டையைப் பிடித்தபடியே அழுதாள், அவனும் அழுதான். ரெல்டன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அழுது முடிச்சா சொல்லுங்க. என்னால கார் கதவைத் திறக்க முடியாது" என்றார்.

7

முடிவுகள்.

அ) ஒரு மாதத்துக்குள் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. ரெல்டனின் சிகிச்சைக்கும் இனி வேலைக்குப் போகமுடியாததற்கும் தாராளமாகவே கொடுப்பார்கள். தேய்னின் கடையைத் தொடமாட்டார்கள். ஒரே நிபந்தனை: மூன்று பேரும் இதைப் பற்றி இனி யாரிடமும், எப்போதும் பேசக்கூடாது. மூன்று கையெழுத்து. போட்டார்கள். நிம்மதியாக வாழ்ந்தா

ஆ) போடவில்லை. வழக்கு ஜூரிக்குப் போனது. தேய்ன் சாட்சிக் கூண்டில் ஏறியபோது ஊரே

இ) கம்பெனி மனம் மாறி, விற்ற வண்டிகளையெல்லாம் தானாகவே திரும்ப வாங்கிக்கொண்டு

(மூன்றாவதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முதல் இரண்டிலும் எழுத்து நின்ற இடம் ஒன்றுதான்: அந்தக் கையெழுத்து. கம்பெனி நிஜமாகவே அந்த நிபந்தனையைச் சொன்ன அன்று ஜேனலீ என் கிளினிக்குக்கு வந்தாள். "காலையில பஸ் ஓட்டறேன்ல. ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் வீட்டு முன்னாடி அந்த வண்டி ஒண்ணு நிக்குது. அதே சிவப்பு கூட இருக்கு. பிள்ளைங்க அதுல உக்காந்து என் பஸ்ஸுக்காகக் காத்திருக்குதுங்க" என்றாள்.

தேய்ன் இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வண்டி தீப்பிடிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போட்டால் அந்த வாயை மூடவேண்டும். போடாவிட்டால் கடையையே மூடவேண்டி வரலாம்.

நீங்கள் கெட்டிக்காரர் என்றால் கேட்பீர்கள்: இதை நீ எழுதுகிறாய் என்றால் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை என்றுதானே பொருள்? இல்லை. அந்தக் காகிதத்தில் என் பெயர் கிடையாது.

8

ஒரு ஞாயிறு பகல் போன் வந்தது. ஜேனலீ. மேஜையில் மூன்று பேரும் இருந்தார்கள். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"காகிதம் முன்னாடி இருக்கும்மா. நான் போடுறதா விடுறதான்னு காலையிலேர்ந்து பேசிட்டிருக்கோம். தேய்ன் நீ சொல்றதுதான் அக்காங்கறான். நான் இவரு சொல்றதுதாங்கறேன். இவரு என்னடான்னா, கை பேனா புடிக்காது, நீ இன்னும் விடலைங்கறாரு. நிஜமா? இவரால கையெழுத்துப் போட முடியுமா முடியாதா?"

பின்னாலிருந்து ரெல்டன் குரல்: "அவசரப்படுத்தாத. பாவம், அவங்க யோசிச்சுச் சொல்லட்டும்."

அவரால் முடியும். அந்த வாரம்தான், ஜேனலீ பஸ் ஓட்டப் போயிருந்த ஒரு நாள், என் முன்னால் தன் பெயரை மூன்று முறை எழுதிக் காட்டினார்; கோணல்தான், ஆனால் எழுத்து. அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். முடியும் என்றால் அவர் தள்ளிப்போட நினைத்ததை அங்கேயே போட்டு உடைக்கிறேன். முடியாது என்றால் அந்த வீட்டில் நான் சொல்லும் முதல் பொய் அது. ஆனால் பஸ் ஸ்டாப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் தேய்னின் வாய் திறந்திருக்கும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

"சரி, நிதானமா சொல்லு" என்றாள் ஜேனலீ. "நாங்க சாப்பிடறோம், ஆறிடும்."

போனை வைக்கவில்லை. தட்டுகள் நகர்ந்தன. தேய்ன் எதையோ இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். ரெல்டன் அவன் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்ல, ஜேனலீ சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, என் பதிலுக்காக அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் கேட்டது.

இணைப்பு இன்னும் இருக்கிறது. நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். வாசகரே, நீங்கள் பேசுங்கள்.