அணைய மறுத்த வண்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. ஸ்டீயரிங்கை யார் பிடித்திருந்தாலும், பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்திய பிரேக்கின் மேல் காலை வைத்தபடி வண்டியை நடத்துவது அவர்தான் என்பார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய டீசல் கார், அதுவும் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அவருடைய கணவர் தையற்காரர். எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த ஆள், மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று காரைப் பற்றிச் சொல்லுவார்.

அந்தக் கோடையில் காருக்குள் எண்ணெய் கருகும் வாடை வரத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் போதும், கண் எரியும். நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு மாணவி முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்ததும் பிரேக்கம்மாவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. வண்டியை நேராகக் கொழுந்தனின் பட்டறைக்கு விட்டார்.

கொழுந்தன் இஞ்சினை ஓடவிட்டபடியே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் கவிழ்த்து வைத்தான். கொதிக்கும் உலையின் மூடிபோல அது குதியாட்டம் போட்டது. குபுகுபுவென்று புகை வேறு.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு, அண்ணி. மேல எரியுற புகையில கொஞ்சம் அந்தச் சந்துல நழுவி, கீழ ஆயில் இருக்கிற இடத்துக்குப் போயிடுது. அங்க தேங்கக் கூடாது. வெளிய விடத்தான் இந்தக் குழாய். இஞ்சினுக்கு இதுதான் மூக்கு."

அந்த மூக்குதான் நுனியில் வெடித்து, பானெட்டுக்குள் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது விட்ட மூச்செல்லாம் காருக்குள் வந்துகொண்டிருந்தது. ரிங்கை மாற்றவேண்டும், அதற்கு இஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்றான். மாணவர்களுக்கு லைசென்ஸ் தேர்வு நெருங்கும் நேரம், இப்போது பிரித்துப் போட்டால் பிழைப்பு என்னாவது என்றார் அண்ணி. சரி, அதுவரை சமாளிக்க, அந்தப் புகையிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடித்து வைக்கும் டப்பா ஒன்றைச் செய்து நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்று கொழுந்தன் வாக்குக் கொடுத்தான். மெக்கானிக் சொல்லும் நாளைக்கு எந்தக் காலண்டரிலும் தேதி கிடையாது.

தையற்காரருக்கோ பிசிறு என்றாலே ஆகாது. தொங்கும் குழாயை ஒரு காலையில் பார்த்தவர், கெட்டித் துணியை மடித்து அதன் வாயில் திணித்து, மெழுகு நூலால் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். வாடை போன இடம் தெரியவில்லை. தம்பியால் முடியாததை ஒரு முழ நூலில் முடித்துவிட்டேன் என்று அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. பிரேக்கம்மாவும் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்துவிட்டார்.

மறுநாள் பாடத்துக்கு வந்தவர் தபால்காரர். சைக்கிளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர், இப்போது பார்சல் வேன் ஓட்டும் பொறுப்பு வந்திருந்தது. நல்ல மனிதர், கிளட்சைத் தவிர. சுடுகிற அடுப்பை மிதித்த மாதிரி இடது காலைப் படக்கென்று எடுப்பார், இஞ்சின் குலுங்கி நின்றுபோகும். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றது இதனால்தான். அன்று ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பானெட்டுக்குள் பட்டென்று ஒரு சத்தம். பின்னாலேயே புகை. இறங்கித் திறந்து பார்த்தால், ஆயில் அளவு பார்க்கும் கம்பி தன் இடத்தை விட்டு எகிறிக் கிடந்தது. இஞ்சின் முழுக்க எண்ணெய்க் குளியல். தன் கால்தான் காரணம் என்று நினைத்த தபால்காரர் வண்டியிடமே மன்னிப்புக் கேட்டார்.

வந்து பார்த்த கொழுந்தன் துணி அடைப்பைப் பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்தான்.

"மூக்கைப் பொத்தினா மூச்சு வேற எது வழியாவது வரத்தானே செய்யும்?"

தையற்காரர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டு பிரியவில்லை என்று மட்டும் முணுமுணுத்தார். டப்பா செய்யாத குற்றம் தன் தலையிலும் இருந்ததால் கொழுந்தன் வேலையில் இறங்கினான். அவசரத்துக்குப் புதுக் குழாய் ஒன்றை எடுத்து, இஞ்சின் காற்றிழுக்கும் பாதையோடு இணைத்துவிட்டான். இனி அதன் மூச்சை அதுவே இழுத்து எரித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். நடுவில் டப்பா இருந்திருந்தால் இன்னும் நல்ல யோசனை.

வீட்டுக்கு வந்ததும் தையற்காரர் பிராயச்சித்தமாக, சிந்திய ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயிலைத் தாராளமாக ஊற்றினார். கம்பியில் மேல்கோட்டைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் கூட இருந்தால் கெட்டா போகும் என்று மூடிவைத்து, யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று பிரேக்கம்மா மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார். அவருடைய இருக்கையில் தேர்வு அதிகாரி. தபால்காரர் பூப்போலக் கிளட்சை விட்டார். வண்டி வெண்ணெயாய் நகர்ந்தது. பிரேக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

கடைசித் திருப்பத்தில் இஞ்சின் சத்தம் ஏறத் தொடங்கியது. அதிகாரி ஆக்சிலேட்டரை விடச் சொன்னார். எப்போதோ விட்டாயிற்று என்றார் தபால்காரர். பயத்தில் கிளட்சை மிதித்துப் பிரேக்கையும் மிதித்தார். வண்டி நின்றது, இஞ்சின் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போய் அலறியது. வெள்ளைப் புகையில் மைதானத்தின் பாதி மறைந்தது. சாவியைத் திருப்பி உருவியும் விட்டார். சாவி கையில் இருக்க, இஞ்சின் பாட்டுக்கு ஓடியது. அதிகாரி சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பிரேக்கம்மாவுக்குப் பொறி தட்டியது. டீசலே இல்லாமல் தன் எண்ணெயையே குடித்து ஓடும் இஞ்சினைப் பற்றிக் கொழுந்தன் ஒருமுறை சொல்லியிருந்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஜன்னலில் தலையை நீட்டினார். உள்ளே தபால்காரர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடியே இருந்தார்.

"பிரேக்கை விடாதீங்க. டாப் கியர் போடுங்க. போட்டுட்டு, கிளட்சை எப்பவும் போலப் படக்குன்னு விடுங்க."

"அதைத்தானே செய்யக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க, மேடம்?"

"இன்னைக்கு மட்டும் செய்ங்க."

தபால்காரர் கியரை மாற்றி, காலை எடுத்தார். அவ்வளவு அழகாக அவர் அதுவரை எடுத்ததே இல்லை. வண்டி முரட்டு மாடுபோல ஒரு துள்ளு துள்ளி, நடுங்கி, அடங்கியது. மைதானம் முழுக்க அமைதி.

அதிகாரி இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தேர்வுல இஞ்சின் நின்னா ஃபெயில். ஆனா இது நிக்காம இருந்திருந்தா நாம எல்லாருமே ஃபெயில். வண்டியைச் சரி பண்ணிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்."

செய்தி கேட்டு ஓடிவந்த கொழுந்தன், அளவு கம்பியை உருவிப் பார்த்துத் தலையில் கைவைத்தான். கூடுதல் ஆயில் குழாய் வழியே காற்றுப் பாதைக்குள் போயிருக்கிறது. நடுவில் டப்பா இல்லை, தப்பு என்னுடையது என்றான். ஊற்றியவன் நான் என்றார் அண்ணன். பிரேக்கம்மா இருவரையும் திட்டவில்லை. பாடங்களை ஒத்திவைத்துவிட்டேன், இப்போதே இஞ்சினை இறக்குங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலுக்குத் திட்டே தேவலை.

பட்டறையில் அண்ணனும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கழற்றியதையெல்லாம் தையற்காரர் மண்ணெண்ணெயில் கழுவி, பித்தான்களை வகைபிரிப்பதுபோல வரிசையாக அடுக்கினார். மெல்லிய ரிங்குகளை உடைக்காமல் பிஸ்டனில் ஏற்ற அவர் விரல்கள்தான் லாயக்கு என்று தெரிந்ததும், தம்பி அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டான். டப்பாவும் ஒருவழியாகப் பிறந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிநார். புகை அதில் நுழைந்து, எண்ணெயை அங்கேயே உதறிவிட்டு, மேல்வழியாக இஞ்சினுக்குப் போகும். அடியில் சேர்வதை அவ்வப்போது வடித்துவிட்டால் போதும். ஆயிலை இந்தமுறை அண்ணி பக்கத்தில் நின்று இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். இஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள். லேசாக நடுங்கியதோடு சரி.

மறுதேர்வுக்கு மூன்று பேருமே தபால்காரருக்குத் துணையாகப் போனார்கள். அதிகாரி ஏறுவதற்கு முன்னால், சாவியை எடுத்தால் நிற்கிறதா என்று காட்டச் சொன்னார். தபால்காரர் காட்டினார். அப்புறம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, ஒருமுறைகூட இஞ்சினை நிற்கவிடாமல் தேறினார்.

திரும்பும்போது அவரையே ஓட்டச் சொன்னார் பிரேக்கம்மா. பின்சீட்டில் அண்ணனும் தம்பியும், அடுத்து சீட் உறையை மாற்றுவதா சைலன்சரை மாற்றுவதா என்று வாக்குவாதத்தில் இறங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியே நல்ல காற்று வந்தது. கடைத்தெரு திரும்புவதற்குள் பிரேக்கம்மா தூங்கிவிட்டார். அதைக் கவனித்த தபால்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவரை எழுப்பிவிடக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.