பொன்னி இளைத்த கதை

எடை விஷயத்தில் கலைப்பிரியாவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. திண்டிவனத்தில் பதினோரு வருஷமாக அங்கன்வாடி டீச்சர். மாதம் பிறந்தால் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மெஷினில் வைத்து, கிராம் விடாமல் எழுதுகிறவள். போன மாதத்தைவிட ஒரு பிள்ளை நூறு கிராம் குறைந்திருந்தால் தீர்ந்தது. அதன் அம்மாவை நிற்க வைத்து ஒரு பிடி பிடித்துவிடுவாள். "புள்ளைக்குச் சோறு போட்றியா, இல்ல செல்போன நோண்டிக்கினு ஒக்காந்துக்கிறியா?"

அப்பேர்ப்பட்டவள்தான் பெற்ற தாயைப் பத்து மாதம் அரைப் பட்டினி போட்டாள். கெட்ட எண்ணத்தில் போட்டிருந்தால் நாமும் நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். பாசத்தில் போட்டாள்.

அம்மா பொன்னிக்குக் கெடார் கிராமத்தில் ஒரு காணி நிலமும் பருத்த உடம்பும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓரகத்திகள் அந்த உடம்பை வைத்துத்தான் கேலி பேசினார்கள். பொன்னியும் கூடவே சிரித்து வைப்பாள். போன கார்த்திகையில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தை இறைக்கிற தெம்பு பாதிதான் இருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு உடம்பிலிருந்த நீரை வடித்தபின் எழுபத்துநாலு கிலோ.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பிரபாவதி நிதானமாகத்தான் சொன்னார். "தினமும் எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா ஒடம்புல தண்ணி கோக்குதுன்னு அர்த்தம், உடனே கூட்டிட்டு வாங்க. உப்பைக் கொறைங்க. மாசாமாசம் என்கிட்ட காட்டுங்க."

இத்தனையும் கலைப்பிரியாவின் காதில் விழுந்தது. மனசில் தங்கியது எடை ஏறக்கூடாது என்பது மட்டும். ஏறினால் ஆபத்து என்றால் இறங்குவது நல்லதுதானே? குண்டு உடம்பால் வந்த நோய் என்று சொந்தமெல்லாம் வேறு சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் டாக்டரிடம் திரும்பக் கேட்கவில்லை.

அம்மாவைத் திண்டிவனத்துக்கே கூட்டிவந்துவிட்டாள். காலையில் கேப்பைக் கஞ்சி ஒரு டம்ளர், மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி இரண்டு இட்லி. திங்கள்கிழமைதோறும் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அங்கன்வாடிக்கு நடத்திக்கொண்டுபோய், கர்ப்பிணிகளுக்கான மெஷினில் ஏற்றுவாள். எழுபது. அறுபத்துநாலு. ஐம்பத்தெட்டு. தெருவில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். "இன்னா டீச்சர், அம்மாவ சின்னப் பொண்ணாட்டம் ஆக்கிட்டீங்க!" கலைப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாதாமாதம் விழுப்புரத்துக்கு இவள் மட்டும் போய் மாத்திரை வாங்கி வந்தாள். உடம்பு தேறுவதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, நோயாளியை எதற்குப் பஸ்ஸில் அலைக்கழிப்பது?

ஆடி மாதம் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பச்சைமுத்துவின் வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் மல்லாட்டை, அவித்த வேர்க்கடலை. தோலை உரிக்கவும் பொறுமையில்லாமல் பல்லால் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"பசிக்குதுடி. உப்பு போடாததுதான்" என்றாள் பொன்னி, பயந்துபோய்.

"சாவணும்னு முடிவு பண்ணிட்டியா? ஒன்னக் காப்பாத்தணும்னு நான் நாயா ஒழைக்கிறேன், நீ ஊட்டுக்கு ஊடு பிச்சை எடுத்துத் துன்னுக்கினுக்கிற!" தெருவே எட்டிப் பார்த்தது. பொன்னி மடியை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு இட்லியில் ஒன்றையும் மீதம் வைத்தாள். அம்மாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று கலைப்பிரியா நிம்மதிப்பட்டாள். பொன்னிக்குப் பசியே செத்துப்போனது மகளுக்குத் தெரியவில்லை.

புரட்டாசியில் குளியலறையில் விழுந்தவளை ஆம்புலன்சில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்தாறு கிலோ. டாக்டர் பிரபாவதி பொன்னியின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. மகளைத் தனியே அழைத்தார்.

"யார் உங்கள எடையைக் கொறைக்கச் சொன்னது?"

"நீங்கதான் மேடம், ஏறக்கூடாதுன்னு..."

"தண்ணிங்க. நான் சொன்னது தண்ணி." டாக்டரின் குரல் உயர்ந்து, உடனே அடங்கியது. "இந்த நோய் வந்தப்புறம் இப்படிச் சதை கரையறது ரொம்பக் கெட்ட அறிகுறி. கொஞ்சம் பூசினாப்புல இருக்கறவங்க பல பேரு இவங்களவிட நல்லா தாங்கறாங்க. நோயே ஆளத் தின்னும், அதனால எல்லாமே உங்களால வந்ததுன்னு சொல்லமாட்டேன். ஆனா எதிர்த்து நிக்க ஒடம்புல ஏதாவது மிச்சம் இருந்திருக்கணும்."

"இனிமே நல்லா சாப்பாடு குடுத்தா மேடம்?"

டாக்டர் கேஸ் ஷீட்டை மூடினார். "என்ன கேக்கறாங்களோ குடுங்க" என்றார்.

கலைப்பிரியா மாடிப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ தாய்மார்களைத் திட்டிய வாய் அது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிரே இருந்த ஓட்டலில் இட்லி, முட்டை, பால் என்று கைக்கு வந்ததையெல்லாம் வாங்கி வார்டுக்கு ஓடினாள்.

"யம்மா, ஒரு வாய் துன்னும்மா."

பொன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்டி. ஏறிடும். அப்புறம் நீ பேஜாரு பண்ணுவ."

"திட்டமாட்டேம்மா. சத்தியமா."

"எடை பாத்தாங்களே, எவ்ளோ?"

"நாப்பத்தாறு."

பொன்னியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இளைத்ததுதான் கேடு என்று சொல்லிவிடக் கலைப்பிரியா வாயைத் திறந்தாள். பிறகு வாங்கி வந்த பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள். பொன்னி மெல்லப் பக்கத்துக் கட்டில் அம்மாளின் பக்கம் தலையைத் திருப்பினாள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"எழுவத்துநாலு இருந்தேங்க நானு. டீச்சருங்க எம் பொண்ணு. இவதான் பாத்துப் பாத்து எறக்குனா."