பட்டாபிராமன் நாவலுக்கு ஓர் அபிப்பிராயம்

மூட்டையைப் பிரிக்காமலே சரக்கின் தரம் சொல்கிறவன் ஒன்று பெரிய வியாபாரி, இல்லாவிட்டால் பெரிய புளுகன். லக்ஷ்மிநாராயணன் வியாபாரி இல்லை. அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா.

அந்த ஆபீஸில் ஹெட் கிளார்க் நாற்காலி காலியாகியிருந்தது. துரையிடம் பெயர் சொல்லவேண்டியவர் சூபரின்டெண்டு பட்டாபிராமன். போட்டிக்கு இரண்டே பேர்: லக்ஷ்மிநாராயணனும் பக்கத்து மேஜை வாஞ்சிநாதனும். போதாத காலம், பட்டாபிராமன் ஒரு நாவல் எழுதிச் சென்னையில் அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காளிகாட்டில் அவர் வீட்டுக்கு வந்து அபிப்பிராயம் சொல்லவேண்டுமென்று உத்தரவு.

அந்தக் காலத்துப் புஸ்தகம் ஓரம் வெட்டாமல் வரும். தாள்கள் மடித்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தியால் கீறினால்தான் உள்ளே போகலாம். லக்ஷ்மிநாராயணன் கீறவில்லை. முதல் பக்கத்தில் விஜயலக்ஷ்மி என்றொரு பெண் கிணற்றடியில் நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள். நடுவே முன்னூறு பக்கமும் அழுதிருக்கத்தானே வேண்டும்? இது போதும் என்று கிளம்பிவிட்டான்.

காபி வந்தது. பட்டாபிராமன் முதலில் வாஞ்சிநாதனைக் கேட்டார்.

"நாலாம் பக்கத்திலேயே தூக்கம் வந்துடுத்து சார்," என்றான் அந்த அப்பாவி. "விடாம அஞ்சாம் பக்கத்தைப் பிடிச்சேன். புஸ்தகம் மூக்கு மேலே விழுந்துடுத்து."

பட்டாபிராமன் முகம் சுண்டிப்போயிற்று. எதிர்க்கடைக்காரன் தானே கதவைச் சாத்திவிட்டான், இனி விலை நம் கையில் என்று லக்ஷ்மிநாராயணன் நிமிர்ந்தான்.

"தூக்கமா! எனக்கு மூணு நாளா தூக்கமே இல்லே சார். விஜயலக்ஷ்மி பட்ட பாடு இருக்கே! நான் கல்நெஞ்சன், நானே அழுதேன்."

"எந்த இடத்திலே, ஓய்?"

லக்ஷ்மிநாராயணன் ஒரு மிடறு காபி குடித்துக்கொண்டான். "எந்த இடம்னு சொல்றது? ஒரு கண்ணீர் காயறதுக்குள்ளே அடுத்த இடம் வந்துடறதே!"

பட்டாபிராமன் உருகிவிட்டார். "எட்டாம் அத்தியாயத்திலே ஓர் அச்சுப்பிழை. உம்ம பிரதியைக் கொடும், என் கையாலே திருத்தித் தரேன்."

பெருமைக்காகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த புஸ்தகம் கை மாறிற்று. பட்டாபிராமன் புரட்டிப் பார்த்தார், தாள் பிரியவில்லை.

"கத்தியே படலையேங்காணும்!"

பேரத்தில் வாய் குழறினவன் பிழைத்ததில்லை. "எப்படி சார் படும்? நீங்க கையெழுத்துப் போட்ட பிரதியைக் கீற மனசு வருமா? இது பூஜை அலமாரிக்கு. படிக்கறதுக்குச் சென்னையிலேருந்து தபாலில் வேறொண்ணு தருவிச்சேன். அது கண்ணீரிலே ஊறிப்போய், ஆம்படையாள் வெயிலிலே காயப்போட்டிருக்கா."

பட்டாபிராமன் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"இப்பேர்ப்பட்ட ரசிகனை ஹெட் கிளார்க்காக்கி, பைலுக்குள்ளே புதைக்க இருந்தேனே, மகாபாவம்! நாற்காலி வாஞ்சிநாதனுக்கே போகட்டும். அவருக்கு இலக்கியம் ஏறாது, பைலாவது ஏறட்டும்."

"சார், எனக்குப் பைலும் பிடிக்கும்..." என்று லக்ஷ்மிநாராயணன் ஈனஸ்வரத்தில் ஆரம்பித்தான்.

"உம்ம அடக்கம் எனக்குத் தெரியாதா? தினம் அஞ்சு மணிக்கு ஆபீஸை விட்டு நேரே இங்கே வந்துடும். ரெண்டாவது நாவல் எழுதிண்டிருக்கேன். அத்தியாயம் அத்தியாயமா உமக்குத்தான் முதல்லே வாசிக்கப்போறேன்."

உள்ளே போய் ஏழு நோட்டுப் புஸ்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வாஞ்சிநாதன் கும்பிட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினான். பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னதைவிட இது கொஞ்சம் பெரிசு," என்றார்.