கோழி தின்ற வாய்

ஜவாதின் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, இசை அப்படி. முதலில் காற்றுபோல ஒரு சிந்தசைசர் ஓசை, பிறகு தரைக்கு அடியிலிருந்து ஒரு அதிர்வு, நாலு நிமிஷம் கழித்து எலெக்ட்ரிக் கிட்டார் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் குரல். பாட்டின் பெயர் ‘மழைக்கு ஒரு வேண்டுதல்’. பதினோரு நிமிஷம். அந்தக் குரல் அதே இரண்டு வரியை அறுபத்து நான்கு முறை பாடும். காசாபிளாங்காவில் யோகா வகுப்புகளில் அதைப் போட்டார்கள். லியோனிலிருந்து ஒரு பெண், பிரசவ அறையில் இதைத்தான் கேட்டேன், பாதி வலி தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

குரல் ஜவாதின் அத்தை இத்தோவுடையது. போன செப்டம்பரில் அத்தை மகன் ஹத்தூவின் கல்யாணத்துக்கு கெனிஃப்ராவுக்கு மேலே மலைக்குப் போனபோது பதிவு செய்தது. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, தோளோடு தோள் உரச அஹிதூஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜவாத் நீளமான குச்சியில் மைக்கைக் கட்டி அத்தையின் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றான். அத்தை அவனையே பார்த்துப் பாடினாள். தன் மேல் எவ்வளவு பாசம் என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

பாட்டின் அர்த்தம் அவனுக்குத் தெரியாது. அப்பா மலைக்காரர், அம்மா காசாபிளாங்காக்காரி. வீட்டில் அரபிதான் பேச்சு. ஊர் திரும்பியதும் கீழ்வீட்டு மளிகைக்கடை ஹுசைனிடம் போட்டுக் காட்டினான். ஹுசைன் தெற்கே சூஸ் நாட்டுக்காரர், அவருடைய மலைப்பேச்சு வேறு. மலைப்பேச்சு எல்லாம் ஒன்றுதானே என்று நகரத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? ஹுசைன் கொண்டைக்கடலை நிறுத்துக்கொண்டே இரண்டு தரம் கேட்டார். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் பழக்கம் அவர் கடையில் கிடையாது. “மழை கேக்கறாங்க தம்பி. நிச்சயமா மழைதான். நடுவுல அல்லா பேரும் வருது” என்றார். ஜவாத் அன்றைக்கே பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டான். ஆல்பத்தின் உறைக்குள்ளே ‘என் மக்களின் ஆதிப் பிரார்த்தனை’ என்று அச்சடிக்கவும் கொடுத்தான்.

இப்போது ஜூலை. ரபாத்தில் பெரிய இசைவிழா, நாலாயிரம் பேர் உட்காரும் திடல். விழாக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: பாடிய அம்மா மேடையில் நின்றால்தான் இடம், பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலுக்கு இடம் இல்லை. சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். ஹத்தூவுக்கு மகள் பிறந்து வெள்ளிக்கிழமையோடு ஏழு நாள். பெயர் வைக்கும் விருந்து. ஜவாத் வியாழன் மத்தியானமே ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினான்.

அத்தை வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் மறுநாள் விருந்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். ஜவாத் தேநீர்கூடக் குடிக்காமல் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். காற்று வந்தது. அதிர்வு வந்தது. அத்தையின் குரல் வந்தது. பத்தாவது தடவையில் யாரோ விம்முவது கேட்டது. அழுகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கண்ணைத் திறந்தான்.

யாரும் அழவில்லை. ஒருத்தி முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மாவுக்கையோடு சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிட்டார் உறுமியபோது எல்லாரும் வெடித்தே விட்டார்கள்.

இத்தோ அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அறுபது வயதிலும் முதுகு நிமிர்ந்த பெண். சிரிப்பை அடக்குவதில் அவளுக்கு ஊரில் நிகரில்லை.

“நல்லாத்தான் இருக்கு மருமவனே” என்றாள் அரபியில். “இடி இடிக்குது, மின்னல் வெட்டுது. எல்லாம் சரி. பதில் எங்க?”

“என்ன பதில் அத்தை?”

முற்றம் மறுபடி வெடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஹத்தூ, ஊருக்கும் கெனிஃப்ராவுக்கும் டாக்ஸி ஓட்டுகிறவன், உள்ளே வந்து ஜவாதின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மச்சான், நெசமா சொல்லு. இதுக்கு அர்த்தம் தெரியாமலா செஞ்ச?”

“மழைக்கு வேண்டுதல்தானே?”

“மழையா!” ஹத்தூ நெற்றியில் கை வைத்துக்கொண்டான். “கேளு, சொல்றேன்.

குச்சி நுனியில பூனைக்குட்டி, எங்க பாட்டைத் தின்னு தீக்குது;
கோழியைத் தின்ன வாயோ ஒண்ணும் பாடாம மூடிக் கெடக்குது.”

ஜவாதுக்கு முதலில் பூனை விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காற்றுச் சத்தம் விழாமல் இருக்க மைக்குக்கு ஒரு சாம்பல் நிற ரோம உறை மாட்டியிருந்தான். கோழியும் விளங்கியது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டிருந்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கல்யாணத்தில் யாரையாவது சீண்டாமல் அந்த ஊரில் அஹிதூஸ் நடந்ததே கிடையாது. உன்னைப் பார்த்து ஒரு வரி வந்தால் நீ ஒரு வரி திருப்பிப் போட வேண்டும். வரி நன்றாக இருந்தால் எதிர் வரிசை அதை எடுத்துப் பாடும். எடுக்காவிட்டால் தரையில் விழுந்தது. பதிலே சொல்லாமல் ஊரை விட்டுப் போனால், நீ திரும்பி வரும்வரை ஊர் காத்திருக்கும். ஊருக்கு வேறு என்ன வேலை?

“பத்து மாசமா காத்துக்கிட்டிருக்கோம்” என்றாள் அத்தை. “மருமவன் பதில் அனுப்பியிருக்கான்னு ஹத்தூ ஃபோனைத் தூக்கிட்டு ஓடி வந்தான். பாத்தா, நான் உன்னைச் சீண்டினதையே எடுத்து, உன்னை நீயே அறுபது தடவை சீண்டிக்கிட்டிருக்க. இந்த ஊர்ல பேச்சு வாங்கினவங்க நெறைய உண்டு. வாங்கின பேச்சை அச்சுப் போட்டு வித்தவன் நீ ஒருத்தன்தான்.”

“அத்தை, வெளிநாட்டுலல்லாம் கேட்டு அழறாங்க...”

“அழட்டும். அவங்க கோழி திங்கல.”

ஜவாத் ரபாத் விஷயத்தைச் சொன்னான். திடல், நாலாயிரம் பேர், சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னான். அத்தை மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“வரமாட்டேன்னு நான் சொல்லல. நாளைக்கு வரிசையில நில்லு. பதில் போடு. எங்க பேச்சுல போடு. அப்புறம் ரபாத் என்ன, மக்காவுக்கே வர்றேன்.” பிறகு ஆல்பத்தின் உறையிலிருந்த எழுத்தை மூத்த மகளின் பெண்ணிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “என் மக்களாமே! மக்கள்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு எழுதியிருக்கலாம்ல?”

அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் ஜவாதுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் ரபாத் மேடை அவனுக்குப் பாதிதான். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பாவின் ஆட்கள் தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த ஆல்பத்தையே அவன் செய்தான். முப்பத்தாறு வயதில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் சிந்தசைசரில் சொன்னான்.

மாலை வெயிலில் ஹத்தூவின் டாக்ஸிக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த தொழில் வெட்டி ஒட்டுவதுதான். கல்யாணத்தில் பதிவு செய்த மற்ற வரிகளிலிருந்து முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று எடுத்துச் சேர்த்தான். தாளம் அச்சாக உட்கார்ந்தது. மனப்பாடம் செய்துகொண்டு ஹத்தூவிடம் பாடிக் காட்டினான்.

ஹத்தூ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். “மொத வரி, நம்ம ஊர் பாஸ்ஸு பெரியவர் என் மாமனாரைப் பத்திப் போட்டது. மாமனார் கஞ்சன்னு சொல்ற வரி. ரெண்டாவது வரி ஒரு பசுமாட்டைப் பத்தினது. இதை நாளைக்கு நீ பாடினேன்னு வையி, மாமனார் எழுந்து போயிடுவார், எனக்கு வீட்டுல சோறு கெடைக்காது.”

“அப்ப நீயே ஒண்ணு எழுதிக் குடு மச்சான்.”

“குடுக்கலாம். ஆனா எங்கம்மாவுக்கு என் வரி தெரியும். என் எட்டு வயசுலேருந்து கேக்கறாங்க. பாதியிலயே உன்னை நிறுத்திடுவாங்க.” ஹத்தூ அவன் தோளைத் தட்டினான். “அம்மா வராட்டிப் போகுது. வேற யாரையாவது வச்சுப் பாட வையி. அழகான பொண்ணா, இளசா.”

ஜவாத் லேப்டாப்பை மூடினான். வேறு குரலுக்கு விழாக்காரர்களை எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம். அவன் விஷயம் நடக்காது.

மறுநாள் காலையில் குழந்தையைப் பார்க்கப் போனான். ஹத்தூவின் மனைவி இஸ்ஸா சுவரோரம் மெத்தையில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் துணியால் போர்த்திக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்டை உரித்துக்கொண்டிருந்த சத்தம்.

“தங்கச்சி, உங்க பேச்சுல கதவுக்கு என்ன சொல்வீங்க?”

சொன்னாள்.

“சாத்தினதுக்கு?”

அதையும் சொன்னாள். சிரிக்கிறதுக்கு, வெளியே நிற்கிறதுக்கு, ‘இதுவாவது’ என்று இழுக்கிறதுக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டான், ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. தொண்டைக்கு அடியிலிருந்து வர வேண்டிய ஒரு எழுத்து அவனுக்கு வரவே இல்லை. “பரவாயில்ல அண்ணே, இவளுக்கும் இன்னும் வரல” என்று குழந்தையைக் காட்டினாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து, பெயர் வைத்து, ஆட்டுக்கறியும் கொடிமுந்திரியும் தீர்ந்து, மூன்று மணிக்கு முற்றத்தில் பெந்தீர் தட்டினார்கள். அந்தத் தோல்வட்டத்தின் ஒலி நெஞ்சுக்குள்ளேயே விழும். ஜவாத் ஆண்கள் வரிசையில் ஹத்தூவுக்கும் பாஸ்ஸு பெரியவருக்கும் நடுவில் நின்றான். தோள் ஏறும்போது ஏறவும் இறங்கும்போது இறங்கவும் அவனுக்குக் கால்மணி நேரம் ஆனது. எதிரே பெண்கள் வரிசை. நடுவில் இத்தோ அத்தை. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. பூனையும் கோழியும் மறுபடி வந்தன. பெண்கள் எல்லாரும் எடுத்துப் பாடிவிட்டு நிறுத்தினார்கள். பெந்தீர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. முற்றமே அவன் வாயைப் பார்த்தது.

ஜவாத் பாடினான். குரல் நடுங்கியது, சுருதி எங்கோ போனது, அந்த எழுத்து இருமலாக வந்தது.

கதவைச் சாத்திட்டு உன்கூட சிரிச்சுப் பேசினார் எங்கப்பா;
கதவுக்கு வெளிய நின்னவன் நான். கோழியாவது போட்டியே, அத்தை.

நடந்தது அதுதான். காசாபிளாங்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா தொலைபேசியை உள் அறைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தங்கையுடன் மலைப்பேச்சில் அரை மணி நேரம் பேசுவார். விழுந்து விழுந்து சிரிப்பார். மற்ற நாட்களில் அவர் அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் கற்றுக்கொடுக்கவில்லை. நல்லதுக்கு என்றுதான் நினைத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த நல்லது புரியவில்லை.

பெண்கள் வரிசை அசையவில்லை. எல்லாரும் இத்தோவைப் பார்த்தார்கள். அவள் எடுத்தால்தான் அவர்கள் எடுக்க முடியும். வரி தரையில் விழுந்துவிட்டது என்று ஜவாத் நினைத்தான்.

அத்தை எடுத்தாள். முதல் வரியை உச்சியில் எடுத்தாள். அறுபத்து நான்கு தடவையில் ஒரு தடவைகூட அந்தக் குரல் அப்படி ஒலித்ததில்லை. ‘எங்கப்பா’ என்ற இடத்தில் ‘எங்கண்ணன்’ என்று மாற்றினாள். அதற்கு மேலே போக முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டாவது வரியைத் தூக்கிக்கொண்டார்கள். இருபது பெண்கள் அவன் வரியைப் பாடினார்கள், பிறகு ஆண்கள் வாங்கிப் பாடினார்கள். ஜவாத் அழுதுகொண்டே தோளை ஏற்றினான், இறக்கினான். பாஸ்ஸு பெரியவர் மட்டும், “ராகம் மோசம், வரி தேவல” என்றார்.

ரபாத்துக்கு வருகிறேன் என்று அத்தை தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முக்காட்டால் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, ஒரு எட்டு முன்னே வைத்து, அடுத்ததைப் போட்டாள்.

கதவைத் தொறந்து வச்சாச்சு, உள்ள வந்தது மருமவனா?
கத்துறதைக் கேட்டா, பக்கத்து வீட்டுக் கழுதை கயித்தை அறுத்துக்கிச்சா?

ஹத்தூ அர்த்தம் சொல்ல அவன் காதருகே குனிந்தான். அதற்குள் ஜவாத் சிரித்துவிட்டான். கதவு காலையில் கற்றது. கழுதை, அப்பா கோபம் வந்தால் அவனைக் கூப்பிட்டது. காசாபிளாங்கா வீட்டில் கதவைத் தாண்டி வெளியே வந்த ஒரே மலைச்சொல். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குமுன்பே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவன் சிரித்தான். அத்தை அதைப் பார்த்தாள். பெண்கள் வரிசை கழுதையை எடுத்துக்கொண்டு ஏறியது. இரண்டு பக்கத்துத் தோள்களும் அவனை இடித்தன. பதில் சொல்ல வேண்டியது மறுபடியும் அவன்தான்.